பழைய பவர் ஸ்க்ரேப்பருக்குப் பாகம் தேடுகிறீர்களா?

தேய்ந்த லேத் பெட்டைச் சீராக்குவது பொறுமையான வேலை. புளூ தடவி, மேடு தெரியும் இடத்தை மட்டும் மைக்ரான் கணக்கில் சுரண்டி எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கையால் சுரண்டினால் தோள்பட்டை தாங்காது. அதற்காக வந்ததுதான் பவர் ஸ்க்ரேப்பர். ஜெர்மனியின் மௌல்பிரான் ஊரில் தயாராகும் பியாக்ஸ் இதில் பேர்போனது. புதிதாக வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பழையவையே கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் அதுவும் நிற்கும். விசாரித்தால், “அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை” என்பார்கள்.

உடனே மனம் தளர வேண்டாம். பழைய கருவிக்குள் கம்பெனிக்கே உரிய பாகங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள், நம்பர் இருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் அளவு இதுதான். வார்ப்பிரும்புத் தூள் பறக்கும் வேலை என்பதால் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கார்பன் பிரஷ்ஷில்தான் பலர் சறுக்குகிறார்கள். மிக்ஸிக்கு வரும் கரியை எமரியில் தேய்த்து அளவாக்கிச் செருகிவிடுவார்கள். மெஷின் ஓடவும் ஓடும். கரியின் ரகம் சரியில்லாவிட்டால் தீப்பொறி கிளம்பி, கம்யூட்டேட்டர் கீறிப்போய், கடைசியில் ஆர்மேச்சருக்கே செலவு வைக்கும். மாதிரிக்குப் பழைய கரியைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிளேடு, பிளேடு ஹோல்டர், புஷ் போன்றவற்றை டர்னரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். தேய்ந்த பாகத்தை அப்படியே அளந்து கொடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். அது போய் உட்காரும் இடத்தை அளந்து கொடுங்கள்.

இப்படிச் செய்வது சட்டப்படி சரியா? இந்தியாவில் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுதான். பதிவான வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டு. 1980-களின் கருவிக்கு அன்று பெற்ற காப்புரிமை எதுவும் இன்று உயிரோடு இல்லை. வில்லங்கம் பெயரில்தான் இருக்கிறது. உபரியாகச் செய்து விற்கும்போது “இன்ன மாடலுக்குப் பொருந்தும்” என்று உண்மையைச் சொல்லி விற்க, 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டம் இடம் தருகிறது. அதே பாகத்தில் கம்பெனி பெயரைப் பொறித்து ஒரிஜினல் என்று விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆபத்துகளில் முதலாவது மின்சாரம். உலோக உடல் கொண்ட பழைய மெஷினுக்கு மூன்று கம்பி ஒயரும் எர்த்தும் கட்டாயம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்ட குறி இருந்தால் மட்டுமே அது எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு வகை. உள்ளே சேரும் வார்ப்பிரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் இதை ஓட்டவே கூடாது என்பேன். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷினை நம் 230-ல் செருகினால் காயில் கருகிவிடும். அடுத்தது பிளேடு முனையில் இருக்கும் கார்பைடு டிப். அதைத் தீட்டும்போது கிளம்பும் தூளில் கோபால்ட் உண்டு, நுரையீரலுக்குக் கேடு. டிப்பைப் பிளேடில் பற்றவைக்கும் வெள்ளிக் கம்பியில் கேட்மியம் கலந்திருந்தால் அதன் புகை உயிருக்கே உலை. கேட்மியம் இல்லாத கம்பியைக் கேட்டு வாங்குங்கள்.

‘ஒரிஜினல்’ என்று போலிப் பாகத்தைத் தள்ளிவிட்டாலோ, ரீவைண்டிங் செய்த காயில் ஒரே வாரத்தில் புகைந்தாலோ என்ன செய்வது? தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் சட்டம் நமக்கில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்பவர் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அவர் நுகர்வோரே. தனியாளாக ரீகண்டிஷன் செய்பவர் இதில் அடங்குவார். ஆள் வைத்து நடத்தும் பெரிய கம்பெனிக்கு இந்த வாசல் திறப்பது கடினம்.

பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் பாகத்தின் பெயரும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லும் இடம்பெறட்டும். ரிப்பேருக்குக் கொடுத்தால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நாளை சாட்சி அதுதான். ஆனால், நிறுத்திவிட்ட மாடலுக்கு இத்தனை ஆண்டு ஸ்பேர் தந்தே தீர வேண்டும் என்று எல்லாக் கருவிகளுக்குமான பொதுச் சட்டம் இங்கே இல்லை. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளம் தகவல் தரும், கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் சொல்லலாம். அதனால் கோபத்தில் உடைத்தோ எடைக்குப் போட்டோ விடாதீர்கள்.