பெட்டியில் ஏறும் வண்டு
கடல் தாண்டும் முன் – 7

மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் கிளம்பும் அம்மாக்களின் சாமான் பட்டியல் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். அரிசி, பாசிப்பருப்பு, உளுந்து, மல்லி, சீரகம், சோம்பு, மிளகாய் வற்றல். அப்புறம் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி. கிளம்புகிற அன்று காலையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்து கறிவேப்பிலை.

இந்தப் பட்டியலில் அரிசியிலிருந்து மிளகாய் வற்றல் வரையுள்ள ஏழும் ஆஸ்திரேலியாவுக்குள் பயணியின் பெட்டியில் போக முடியாது. 2020 அக்டோபரிலிருந்து இதுதான் நிலை. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை எல்லாமே அதே தடைப்பட்டியலில் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் பாதியும் மளிகை அலமாரியில் முக்காலும். அமெரிக்காவும் 2011 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் பயணிகள் அரிசி கொண்டுவரக் கூடாது என்று நிறுத்திவிட்டது.

எதற்காக என்று தெரியாமல் போகிறவர்களுக்கு விமான நிலையத்தில் அது பெரிய அவமானமாகத் தெரிகிறது. பேரப்பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்கு, சலித்து, புடைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோன சீரகத்தை ஒருவர் கையுறை போட்ட கையால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்போது மனசு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைத் தவிர்க்கத்தான் இந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுச் சாமானைப் பற்றியே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

காரணம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பழுப்பு வண்டு. காப்ரா வண்டு என்கிறார்கள். நம் துணைக்கண்டம்தான் அதன் பூர்வீகம். வளர்ந்த வண்டு பறப்பதில்லை. தானாக ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை; மூட்டையும் பெட்டியும்தான் அதற்கு வாகனம். அழிவைச் செய்வது அதன் புழு. உடம்பெல்லாம் ரோமம் உள்ள அந்தப் புழு தானியத்தைத் தின்பதோடு, உதிர்த்த ரோமத்தாலும் தோலாலும் மிச்சத் தானியத்தையும் உண்ணத் தகாததாக ஆக்கிவிடும். பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது அசைவதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று: இரை கிடைக்காவிட்டால் ஏதாவது ஓர் இடுக்கில் ஒடுங்கி, ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே தின்னாமல் உயிரோடு கிடக்கும். காலி டப்பாதானே, காலிப் பெட்டிதானே என்று நாம் நினைக்கிற இடத்தில் அது இருக்கலாம்.

கலிஃபோர்னியாவில் 1953-இல் இந்த வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழித்துவிட்டோம் என்று சொல்ல 1966 ஆகிவிட்டது. தானியக் கிடங்குகளை மொத்தமாகத் தார்ப்பாயால் போர்த்தி, உள்ளே மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தினார்கள். அந்தக் காலத்து மதிப்பிலேயே ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானது. ஆஸ்திரேலியாவில், 2007-இல் பெர்த் நகரில் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களுக்குள் இதே வண்டு வந்து சேர்ந்தது. அந்த வீட்டையே மூடிப் புகை போட்டார்கள். 2020-இல் கான்பெராவில் ஒருவர் வாங்கிய புதுக் குளிர்சாதனப் பெட்டியின் அட்டைப் பொதியிலும் இருந்தது. கோதுமையை உலகத்துக்கு விற்றுப் பிழைக்கும் நாடு அது. வண்டு ஊன்றிவிட்டால் வாங்குகிற நாடுகள் கதவை மூடிவிடும். அங்கே ஒரு அதிகாரி நம் உளுந்தைப் பார்த்துப் பதறுவதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

“அவங்க ஊர்க் கடையிலயே நம்ம பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் மூட்டை மூட்டையா அடுக்கியிருக்காங்களாமே. அது மட்டும் எப்படிப் போச்சு? நான் கொண்டுபோற ரெண்டு கிலோவுலதான் பூச்சியா?” என்று எங்கள் தெருவில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கப்பலில் போகிற சரக்கு புகைமூட்டம் போடப்பட்டு, பயிர்ச் சுகாதாரச் சான்றிதழோடு போய், அங்கே மறுபடியும் சோதனைக்கு உட்படுகிறது. நம் இரண்டு கிலோவுக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை. அக்காவின் கேள்வியிலேயே பயணத்துக்கான விடையும் இருக்கிறது: மெல்பர்னின் டாண்டினாங்கிலோ சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலோ இறங்கினால் நம் மளிகை எல்லாம் கிடைக்கும். பெட்டியின் எடையை அரிசிக்கும் பருப்புக்கும் கொடுப்பது வீண். அங்கே கிடைக்காததற்குக் கொடுங்கள்.

கறிவேப்பிலை கதை வேறு. அங்கே வில்லன் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி. கறிவேப்பிலையின் இளங்கொழுந்துதான் அது முட்டையிட விரும்பும் இடம். நாம் பார்த்துப் பார்த்துப் பறிப்பதும் அந்தக் கொழுந்தைத்தான். கறிவேப்பிலைச் செடிக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் அதே பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குத் தாவினால், ஒரு மரத்தின் பாக்டீரியாவை இன்னொரு மரத்துக்குக் கடத்தும். நோய் கண்ட மரத்தின் காய் ஒருபக்கம் சூம்பி, பச்சையாகவே கசந்து உதிரும். சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகும். இன்றுவரை இதற்குத் தீர்க்கமான மருந்து கிடையாது.

ஃபுளோரிடாவுக்கு அந்தப் பூச்சி 1998-இல் வந்தது. நோய் 2005-இல் வெளிப்பட்டது. 2003-04 பருவத்தில் அந்த மாநிலம் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு பறித்தது. ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2024-25 பருவத்தில் பறித்தது ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பெட்டி. இடையில் வந்த புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் தோப்புகளைத் தோற்கடித்தது முதலில் இந்த நோய்தான். தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு வைத்திருந்த குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறியிருக்கின்றன. தென்னை வாடல் நோயில் தோப்பைப் பறிகொடுத்த ஒரு விவசாயியை அறிந்தவர்களுக்கு அந்த இழப்பை நான் விளக்க வேண்டியதில்லை. ஈரத்துணியில் சுற்றிய கொத்தை மகளுக்காக என்று நினைத்து வைக்கிறோம். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் சரி என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பால் இனிப்புகளுக்கு வருவோம். நம் நாட்டு மாடுகளிடம் கோமாரி நோய் இருக்கிறது. அதன் வைரஸ் பாலிலும் இறைச்சியிலும் பயணம் செய்யும். பிரிட்டனில் 2001-இல் அந்த நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பன்றிக்குப் போட்ட, சரியாக வேகவைக்காத எச்சில் உணவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றது விசாரணை. ஆகவே ஆஸ்திரேலியாவுக்குப் பேடா, பர்ஃபி, ரசகுல்லா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பாலோ இறைச்சியோ சேர்ந்த எதுவும் வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது? தொழிற்சாலையில் வறுத்து, பொரித்து, அவித்து, முத்திரையிட்டு அடைத்தவற்றுக்கு ஆஸ்திரேலியாவின் வண்டுத் தடையில் விலக்கு உண்டு. சேர்மானம் ஆங்கிலத்தில் அச்சிட்ட உறை இருந்தால் அதிகாரிக்கும் நமக்கும் வேலை சுலபம். வீட்டில் அரைத்த அங்காயப் பொடியையும் பிரசவ லேகியத்தையும் எடுத்துப்போக ஆசைப்பட்டால், ஒவ்வொரு டப்பாவின் மேலும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். முடிவை அங்கே விட்டுவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் முழுவதும் ஒரே பையில், பெட்டியின் மேல்பக்கத்தில் இருக்கட்டும். புடவைக்கு நடுவே ஒன்று, செருப்புக்குள் ஒன்று என்று பிரித்து வைத்தால், மறைத்ததாகத்தான் பார்ப்பார்கள்.

பெட்டியையும் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் பெட்டி வருஷம் முழுக்கப் பரணில், அரிசி டிரம்முக்கும் பழைய சாக்குக்கும் பக்கத்தில்தான் கிடக்கிறது. இறக்கியவுடன் வாக்குவம் கிளீனரால் உள்தையல், மடிப்பு, சக்கரக் குழி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். மெஷின் இல்லாத வீட்டில் மாடியில் திறந்து போட்டுத் தட்டி, கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்கலாம். உடையும் பொருளைச் சுற்ற வைக்கோலும் அரிசிச் சாக்கும் வேண்டாம். பழைய வேட்டி போதும். செருப்பில் ஒட்டிய தோட்டத்து மண்ணைக் கழுவிக் காயவையுங்கள். மண்ணையும் அங்கே சோதிப்பார்கள்.

ஆஸ்திரேலியா போகும் விமானத்தில் இறங்கும் முன் ஓர் அட்டை தருவார்கள். உணவு, விதை, தாவரப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே குறியுங்கள். பயத்தில் ‘இல்லை’ என்று குறிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அறிவித்த பொருள் தடைசெய்யப்பட்டதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்; அபராதம் கிடையாது. அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம் உண்டு, 2019 முதல் விசாவையே ரத்து செய்யவும் முடியும். அந்த ஆண்டு அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில், பன்றி இறைச்சி உள்ளிட்ட உணவை அறிவிக்காமல் கொண்டுவந்த ஒரு பெண் பயணியின் விசா அங்கேயே ரத்தானது. பிரசவத் தேதி நெருங்கும்போது ஓர் அம்மாவுக்கு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டி வரும் இடத்தில் சட்டை போட்ட பீகிள் நாய்கள் சுற்றும். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஏற்பாடு அது. பெட்டியருகே நாய் வந்து உட்கார்ந்துவிட்டால் பதற வேண்டாம். அது கடிக்காது, குரைக்காது. உள்ளே பழமோ இலையோ இறைச்சியோ இருக்கிறது என்று தன் அதிகாரிக்குச் சொல்கிறது. உணவு இருக்கிறது என்று முன்பே அறிவித்திருந்தால், பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு நடக்கலாம். அந்தச் சோதனை வரிசையில் நேரம் ஆகும் என்பதால் இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கத் தெரியாமல் திணறாதபடி பூட்டின் எண்ணைக் கைப்பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மிச்சமிருந்த சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டியையும் எழுதி, காட்டி, கேட்டு எடுத்துப்போங்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றுக்கு விதிகள் தனி. அவற்றை அடுத்த வாரம் பார்க்கலாம். அதற்குள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு, புதிய சீட்டு ஒன்று எழுதி வாங்கி வையுங்கள்.

(தொடரும்)