கணினி இல்லாமலேயே இணையத்தில் உங்கள் தெருவின் மழை அளவு: வீட்டு வானிலை நிலையத்தை இணைப்பது எப்படி?

பெங்களூரு: பெங்களூருவின் ஒரு பகுதியில் கனமழை கொட்டும்போது, சில கிலோமீட்டர் தொலைவில் தூறல்கூட இல்லாதிருப்பது வழக்கமான ஒன்று. 2024 ஜூன் 2-ஆம் தேதி நகர வானிலை ஆய்வு மையத்தில் 111.1 மி.மீ. மழை பதிவாகி, 1891 ஜூன் 16-ஆம் தேதியின் 101.6 மி.மீ. என்ற சாதனை முறியடிக்கப்பட்டது. எனினும், ஓரிடத்தில் பதிவாகும் அளவு மாநகரின் ஒவ்வொரு தெருவுக்கும் பொருந்தாது.

இந்தக் குறையை, கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் தானியங்கி மழைமானிகள் ஓரளவு போக்குகின்றன. 2024 மே மாதம் ஸொமேட்டோ நிறுவனம் தொடங்கிய 'வெதர் யூனியன்' அமைப்பும் 45 நகரங்களில் 650-க்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவுகளை வழங்கத் தொடங்கியது. இவற்றுடன், மொட்டை மாடியில் பொருத்தப்படும் வீட்டு வானிலை நிலையங்களும் பயன் தருகின்றன.

இணைப்பது எப்படி?

முன்பு இத்தகைய கருவியின் தரவை இணையத்தில் ஏற்ற, கணினியை 24 மணி நேரமும் இயக்கத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. தற்போது வைஃபை வசதி கொண்ட கருவிகள் அந்தப் பணியைத் தாமே செய்கின்றன. வெளியே உள்ள உணரிகள் ரேடியோ அலை மூலம் வீட்டினுள் உள்ள கருவிக்குத் தரவை அனுப்புகின்றன. அக்கருவி அதை ரவுட்டர் வழியாக இணையத்தில் சேர்க்கிறது.

'வெதர் அண்டர்கிரவுண்ட்' போன்ற சேவையில் கைபேசி மூலமே பதிவு செய்து, நிலைய அடையாள எண்ணையும் கடவுக்குறியையும் பெறலாம். அவற்றைக் கருவியின் செயலியில் உள்ளிட்டால் போதும். பெரும்பாலான கருவிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும் என்பதால், ரவுட்டரில் அது செயல்பாட்டில் இருக்க வேண்டும். மழையின்போது மின்சாரம் தடைபட்டால் பதிவும் நின்றுவிடும். எனவே கருவிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு அவசியம்.

கவனிக்க வேண்டியவை

* பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கலாகவே இருக்கும். கடல் மட்ட அளவுக்குத் திருத்தாமல் பதிவேற்றினால், நகரின் மீது கடும் புயல் நிலவுவதுபோல் தோன்றும்.

* மழைமானிக்கும் அருகிலுள்ள சுவர் அல்லது தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே, மழைமானியின் விளிம்புக்கு மேல் அத்தடை எழும் உயரத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி தேவை.

* இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான மழையைக் கணக்கிடுகிறது. வீட்டுக் கருவிகள் பொதுவாக நள்ளிரவில் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால், இரு அளவுகளையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

* நிலையத்தின் இருப்பிடம் இணைய வரைபடத்தில் பொதுவெளியில் தெரியும் என்பதை அறிந்தே பதிவு செய்ய வேண்டும்.

வீட்டு நிலையம் தெருவில் பெய்த மழையை உடனுக்குடன் காட்டும். வரவிருக்கும் மழையை முன்கூட்டியே கணிக்காது. வெள்ள அபாயத்தின்போது அரசின் அதிகாரப்பூர்வ எச்சரிக்கைகளையே பின்பற்ற வேண்டும்.