சைக்கிளை விடுங்கள், இடைவெளியை வரையுங்கள்

சைக்கிள் வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் இரண்டு வட்டம் போடுவார்கள். வண்டி சாய்வாக நின்று, சக்கரம் ஒடுங்கிய முட்டை வடிவில் கண்ணுக்குத் தெரிந்தாலும், தாளில் விழுவது வட்டம்தான். சக்கரம் என்றால் வட்டம் என்று மனசு முன்பே முடிவு கட்டிவிடுகிறது. கண் சொல்வதை அது கேட்பதில்லை. பெரியவர்கள் சறுக்குவதும் இங்கேதான்.

இதற்கு ஓவிய ஆசிரியர்கள் கையில் இருக்கும் வழி, 'நெகட்டிவ் ஸ்பேஸ்' பயிற்சி. பொருளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியும் அதன் நடுவிலும் தெரியும் வெற்றிடத்தை வரைய வேண்டும். வெற்றிடத்துக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவு நமக்குக் கிடையாது. அதனால் உள்ளது உள்ளபடி தெரிகிறது. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் வெளியிட்ட நூல் இதைப் பரவலாக்கியது. வலது மூளை, இடது மூளை என்று அவர் தந்த விளக்கத்தை மூளை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் நிலைத்துவிட்டது.

பழக ஏற்ற பொருள் சைக்கிள். சென்னையின் அம்பத்தூரில் அதற்குப் பஞ்சமா? 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஊராயிற்றே!

எப்படிப் பழகுவது?

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். வண்டியை வெறும் சுவரோரம் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வழியே பாருங்கள். பார், சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய், பெடலிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் ஏறும் குழாய் ஆகியவற்றுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு முக்கோணம் தெரியும். முதலில் அதை வரைந்து பென்சிலால் கருமையாக நிரப்புங்கள். அடுத்து, கேரியருக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள ஒல்லியான துண்டு. சாய்வுக்கு ஜன்னலின் விளிம்பே அளவுகோல். ஸ்போக்ஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இடைவெளிகள் நிரம்ப நிரம்ப, வண்டி வெள்ளையாக எழுந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. பூசணிக்காயில் இடைவெளி ஏது? அங்கே ஒளியும் நிழலும்தான் கைகொடுக்கும். நாற்காலி, ஏணி, செடிக்கிளை என்றால் இந்த முறை பலிக்கும்.

வெற்றிடத்தைப் பேச வைத்த ஓர் ஓவியரையும் பார்க்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை நகருக்குள் நுழைந்து எழும்பூரை நெருங்கும் இடத்தில், 1850-ல் தோன்றிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர் கே.எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். மை படாத தாளின் வெண்மையும் அவற்றில் உருவத்தின் பகுதியாகிவிடுகிறது.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பிள்ளையை ஓவிய வகுப்பில் சேர்க்கும் பெற்றோரே, அங்கே ஒன்றைக் கேளுங்கள்: எதிரே ஒரு பொருளை வைத்து, பார்த்து வரையச் சொல்லித் தருகிறார்களா? அச்சடித்த படத்தைப் பார்த்துப் போடுவது மட்டும்தான் என்றால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.