புகைக்கும் கணக்குண்டு

ஒரு வர்த்தக ஸ்தாபனத்தின் நிலையை அறிய விரும்புவோர் அதன் ஐந்தொகையைப் புரட்டிப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பவற்றை அது சொல்லிவிடும். ஆனால் அந்த ஸ்தாபனம் செலவிட்ட மின்சாரம் எவ்வளவு, குடித்த நீர் எவ்வளவு, ஆகாயத்தில் விட்ட புகை எவ்வளவு என்று கேட்பாரும் முன்னாளில் இல்லை, சொல்வாரும் இல்லை. இன்றோ பெருங் கம்பெனிகள் ஆண்டுதோறும் ‘சுற்றாடல் அறிக்கை’ என்ற பெயரில் இன்னொரு கணக்கையும் வெளியிடுகின்றன. அவ்வறிக்கைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுந்தோம்.

உதாரணத்துக்குத் தூரம் போகவேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடத்தில் ஐயம் வந்தவுடன் கேட்கும் கூகிள் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். தான் எவ்வளவு மின்சாரம் செலவிடுகிறது என்பதை அது நெடுங்காலம் வியாபார இரகசியமாகவே வைத்திருந்தது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் முதன்முறையாக வாய் திறந்தது. இடைவிடாது 260 மெகாவாற்று. அதாவது அமெரிக்காவில் இரண்டு இலட்சம் வீடுகளுக்குப் போதுமான மின்சாரம். ஒரு தேடலுக்கு 0.3 வாற்று மணி என்றும் அது கூறியது. 60 வாற்று மின்குமிழ் ஒன்று 18 செக்கன்கள் எரிவதற்குச் சமமான இச் செலவைக் கேட்டவர்கள், ‘இவ்வளவுதானா!’ என்று ஆறுதலடைந்தனர். ஆயினும் துளி சிறிதாயிருப்பதால் வெள்ளம் சிறிதாகிவிடாது. 2024ஆம் ஆண்டில் அக் கம்பெனியின் கணினி நிலையங்கள் மாத்திரம் உட்கொண்ட மின்சாரம் ஏறக்குறைய 3,080 கோடி அலகுகள். இலங்கை முழுவதற்கும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப்போல் இது ஒன்றரை மடங்குக்கும் அதிகம்!

நீரின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே, கொலம்பியா நதிக்கரையில், தி டால்ஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. கூகிள் 2006ஆம் ஆண்டில் அங்கு தன் கணினி நிலையத்தைத் திறந்தது. கணினிகள் ஓயாது உழைத்தால் சூடேறும். அச் சூட்டைத் தணிக்க நீர் வேண்டும். எவ்வளவு நீர் என்று ‘ஒரிகோனியன்’ பத்திரிகை 2021இல் நகரசபையைக் கேட்டது. அதனை வெளியிட வேண்டுமென மாவட்ட அரச வழக்குரைஞர் பணித்தார். நகரசபையோ அது கம்பெனியின் வர்த்தக இரகசியமென்று கூறிப் பத்திரிகைமீதே வழக்குத் தொடுத்தது. ஊராரின் கிணற்றையும் ஆற்றையும் காக்கவேண்டிய சபை ஊராருக்கு மறைக்க வழக்காடியது. அவ் வழக்கின் செலவை ஏற்றது கூகிள்! இதனினும் விசித்திரமான வழக்கை நாம் கேள்விப்பட்டதில்லை. பதின்மூன்று மாதங்களின் பின், 2022 டிசம்பரில், வழக்குச் சமாதானமாக முடிந்து கணக்கு வெளியாயிற்று. 2021இல் அந் நிலையம் பயன்படுத்திய நீர் 35 கோடியே 51 இலட்சம் கலன். நகரம் முழுவதும் செலவிட்ட நீரில் காற்பங்குக்கும் மேல். அதன்பின் கூகிள் தன் நிலையங்களின் நீர்ச் செலவை இடவாரியாக வெளியிடத் தொடங்கியது.

இனிப் புகைக் கணக்கு எங்ஙனம் எழுதப்படுகின்றது என்று பார்ப்போம். இதற்கெனச் சர்வதேச விதிமுறையொன்று 2001இல் வகுக்கப்பட்டது. அது கணக்கை மூன்று கூறாக்குகிறது. குடும்பமொன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அடுப்பில் நாம் எரிக்கும் விறகின் புகை முதற் கூறு. நமது விளக்கு எரிவதற்காக எங்கோ மின்நிலையத்தில் எழும் புகை இரண்டாங் கூறு. நாம் வாங்கும் அரிசி, துணி, கட்டடத்துச் சீமெந்து ஆகியவற்றை ஆக்கும்போதும் கொண்டுவரும்போதும் எழுந்த புகையெல்லாம் மூன்றாங் கூறு. பெருங் கம்பெனிகள் பலவற்றுக்கு மூன்றாவதே மலையளவு. அளப்பதற்குக் கடினமானதும் அதுவே.

சூட்சுமம் முழுவதும் இரண்டாங் கூற்றில் ஒளிந்திருக்கிறது. இரவில் நிலக்கரி மின்சாரத்தை உபயோகித்த ஒரு கம்பெனி, வேறோரிடத்தில் பகலில் உண்டான சூரிய மின்சாரத்துக்குரிய சான்றிதழை விலைக்கு வாங்கித் தன் ஏட்டில் ‘புகை இல்லை’ என்று எழுதிக்கொள்ளலாம். சட்டத்தில் அது பிழையன்று. 2015இல் வந்த திருத்தம், சான்றிதழ்ப்படி ஒரு தொகையும் உண்மையில் அவ்விடத்து மின்சாரத்தின்படி மற்றொரு தொகையுமாக இரண்டையும் காட்டச் சொல்கிறது. அறிக்கை படிக்கும் மாணவர்கள் இவ்விரண்டாவது தொகையைத் தேடிப் பார்க்கப் பழகவேண்டும். அது பெரும்பாலும் பின்பக்கத்து அட்டவணையிலே இருக்கும்.

கூகிளுக்கும் இக் குறை தெரியும். ஆண்டு முழுவதும் செலவிட்ட மின்சாரத்துக்கு ஈடான காற்று, சூரிய மின்சாரத்தை 2017 முதல் வாங்கி வருவதாகக் கூறும் அதே கம்பெனி, மணிக்கு மணி ஒப்பிட்டால் 2023இல் தனது மின்சாரத்தில் 64 வீதமே புகையற்றது எனத் தானே அச்சிட்டுள்ளது. அவ்வாண்டின் மொத்தப் புகை 1 கோடியே 43 இலட்சம் தொன் என்றும், அது 2019இலும் பார்க்க 48 வீதம் அதிகம் என்றும் அது மறைக்காது எழுதியது. 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று உறுதி கூறியவர்கள் இதனை எழுதியமை பாராட்டத்தக்கதே.

ஆனால் 2025இல் வந்த அறிக்கையைப் புரட்டினால் முகப்பிலுள்ள தொகை 1 கோடியே 15 இலட்சம் தொன். குறைந்துவிட்டதென்று மகிழ்வோர் சற்றுப் பொறுக்க வேண்டும்; மூன்றாங் கூற்றின் சில பகுதிகளை நீக்கிய புதிய அளவுகோல் அது. அப் புதிய கோலால் அளந்தாலும் முந்திய ஆண்டிலும் பார்க்கப் புகை 11 வீதம் கூடியே இருக்கிறது.

நம் நாட்டிலும் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இத்தகைய அறிக்கைகளுக்கு நியமங்களை வகுத்துள்ளது. 2025 முதல் பெரிய கம்பெனிகளிலிருந்து அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே இக் கணக்கை வாசிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு இனி வேலையும் உண்டு.

2025 ஆகஸ்டில் கூகிள் மற்றுமொரு கணக்கைத் தந்தது. அதன் செயற்கை அறிவுக் கருவியிடம் கேட்கும் சாதாரணக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாற்று மணி மின்சாரமும் ஐந்து துளி நீரும் செலவாகுமாம். மின்நிலையங்களிற் செலவாகும் நீர் இதிற் சேரவில்லை என ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டினர். நாளொன்றுக்கு எத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பதை மட்டும் கம்பெனி சொல்லவில்லை.