கறுப்பு வேற, காயம் வேற: பழைய காசைத் தெரிஞ்சுக்குவோம்



நம்மில் பல பேர் வீட்டில் பாட்டி காலத்துக் காசு நாலைந்தாவது இருக்கும். சாமி மாடத்திலோ, பீரோவில் முடிச்சுப் போட்ட துணியிலோ கிடக்கும். ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், செம்புக் காலணா, ஓட்டைக் காலணா என்று விதவிதமாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் கறுத்து, பச்சை பூத்துப் போயிருக்கும். உடனே புளி போட்டுத் தேய்க்கத் தோணும். இல்லாட்டி, "இது எதுக்கு ஆகும்" என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடத் தோணும். இரண்டுமே நமக்கு நஷ்டம்தான். காசில் தெரிவது வெறும் கறுப்பா, இல்லை காயமா என்று முதலில் பார்க்கப் பழகுவோம்.

வெள்ளி ஏன் கறுக்குது?

காற்றில் கொஞ்சம் கந்தக வாயு எப்பவும் இருக்கும். அடுப்புப் புகையில் இன்னும் கூடுதல். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இவற்றிலும் கந்தகம் உண்டு. அது வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய தோல் மாதிரி படியும். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. உள்ளே இருக்கும் வெள்ளி அப்படியேதான் இருக்கும்.

அதனால், விற்கப் போகும் இடத்தில் "கறுத்துப் போச்சும்மா, வெள்ளி கம்மி" என்று சொன்னால் நம்பாதீங்க. நிறத்தை வைத்து வெள்ளியின் அளவைச் சொல்ல முடியாது. காசின் வருஷமும் எடையும்தான் அதைச் சொல்லும்.

• விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய்: எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. கணக்குப் போட்டால் சுமார் 10.7 கிராம் வெள்ளி. தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையும்.
• ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்: எடை அதேதான். ஆனால் வெள்ளி பாதிதான், சுமார் 5.8 கிராம்.
• 1947 ரூபாய்: பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். அது நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும்.

செம்பில் இரண்டு பச்சை

செம்புக் காசில் பழுப்போ பச்சையோ வழவழப்பாக, இறுக்கமாக ஒட்டியிருந்தால் பயம் இல்லை. அந்தக் களிம்பு உள்ளே இருக்கும் செம்புக்குப் போர்வை மாதிரி.

இன்னொரு பச்சை இருக்கு. வெளிர் பச்சையாக, மாவு மாதிரி, தொட்டால் உதிரும். இது ஆபத்து. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிப்பதால் வருவது. விட்டால் குழி குழியாகத் தின்றுவிடும். கடலோர ஊர்களில் இருக்கிறவங்க ரொம்பக் கவனிக்கணும். அந்தக் காசைத் தனியாக எடுத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்க.

அலுமினியத்தில் வந்த 2, 3, 5 பைசாக்களில் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியும் புள்ளியும் வரும். தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவில் தங்கம் இருக்குன்னு ஒரு பேச்சு உண்டு. ஒரு பொட்டுத் தங்கம்கூட அதில் கிடையாது.

காயம் எது?

காயம் என்றால் திரும்ப வராதது. டியூப் லைட்டுக்குக் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்க.

• தேய்மானம்: கன்னம், முடி, கிரீடம் என்று மேடான இடம் முதலில் தேயும். இது புழங்கியதால் வருவது.
• பற்றவைத்த தடம்: மாலையிலோ அரைஞாணிலோ கோர்க்க வளையம் வைத்திருப்பாங்க.
• ஓட்டை, ஓரத்தில் வெட்டு.
• சின்னச் சின்னக் குத்து: அந்தக் காலத்து சராப்புகள் நல்ல காசா என்று சோதித்து வைத்த அடையாளம்.
• ஒரே பக்கமாக ஓடும் மயிரிழைக் கீறல்: தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு.

இந்தக் கடைசிக் காயம்தான் நம்ம கையாலேயே வருவது. புளியும் எலுமிச்சையும் மேல்தோலைக் கரைக்கும். சாம்பலும் பவுடரும் எழுத்தைத் தேய்க்கும். குத்துவிளக்குக்கு இது சரி. காசுக்கு எழுத்தும் தலையும்தானே மதிப்பு! எடைக்கு வாங்குகிறவர் கீறலைப் பார்க்க மாட்டார். சேகரிப்பவர் முதலில் அதைத்தான் பார்ப்பார், விலையைக் குறைப்பார். கறுத்த காசை எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம். கீறின காசை ஒண்ணும் பண்ண முடியாது.

என்ன செய்யலாம்?

1. ஓரத்தைப் பிடித்து எடுங்க. விரல் வியர்வை முகத்தில் படக் கூடாது.
2. மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்க. தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி, நன்றாக உலர்த்துங்க.
3. ஒவ்வொரு காசையும் தனித்தனி வெள்ளைக் காகித உறையில் போடுங்க. ரப்பர் பேண்ட், மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.
4. பூஜையில் பால், மஞ்சள், குங்குமம் படும் காசைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க.
5. விற்பதற்கு முன் வருஷத்தையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்க. இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்காமல் கொடுக்காதீங்க.

இரண்டு எச்சரிக்கை

"பழைய 5 பைசாவுக்கு லட்சம் ரூபாய்" என்று செல்போனில் விளம்பரம் வரும். முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய காசு வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கி யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை. ஒரு பைசாகூடக் கட்டாதீங்க.

கிணறு வெட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய காசுகள் கிடைத்தால், கட்டியாக ஒட்டியிருந்தாலும் பிரிக்காதீங்க, கழுவாதீங்க. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் போய்ச் சொல்லுங்க.

அவசரத்துக்கு நாம் முதலில் கை வைப்பது வீட்டில் கிடக்கும் இந்த மாதிரிப் பொருள் மேலதான். அடுத்த குழுக் கூட்டத்தில் அவரவர் வீட்டுக் காசைக் கொண்டு வந்து, இந்தப் பக்கத்தை வைத்துச் சேர்ந்து பாருங்க. படிக்கத் தெரிஞ்ச சகோதரி வருஷத்தைப் படித்துச் சொல்லட்டும். அன்றைக்கு யாரும் புளி மட்டும் கொண்டு வராதீங்க!