கூட்டு விமான முன்பதிவில் ஒருவர் விலகினால் என்ன நடக்கும்?

ஒரே விமானத்தில் செல்லும் பலருக்கு ஒரே நேரத்தில், ஒரே பதிவெண்ணின் கீழ் இடம் பெறுவது கூட்டு முன்பதிவு எனப்படும். குடும்பங்கள், நண்பர்கள், அலுவலகக் குழுக்கள், புனிதப் பயணம் செல்வோர் எனப் பலரும் இம்முறையில் பதிவு செய்கின்றனர். அவர்களில் ஒருவர் மட்டும் பயணத்தைக் கைவிடும்போது மற்றவர்களின் இடம் பாதிக்கப்படுமா, பணம் எவ்வளவு திரும்பும், அது யார் கணக்கில் சேரும் என்ற கேள்விகள் எழுகின்றன.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் இத்தகைய பதிவுகள் பல வகைப்படும். அம்பத்தூர் தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்று தன் ஊழியர்கள் ஐவருக்குச் சேர்த்துப் பதிவு செய்யலாம். ஆவடியில் பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில் வாழும் வடமாநிலக் குடும்பம் விடுமுறைக்கு ஊர் செல்லப் பதிவு செய்யலாம். பூந்தமல்லியிலுள்ள முகவர் ஒருவர் இருபது பேரைக் காசிக்கு அனுப்பப் பதிவு செய்யலாம். மூன்றிலும் ஒருவர் விலகுவதன் விளைவு ஒன்றுபோல் இருப்பதில்லை.

பதிவெண் என்பது என்ன?

பயணிகளின் பெயர், விமானம், தேதி, தொடர்பு எண், கட்டண விவரம் ஆகியவற்றைக் கொண்ட கணினிப் பதிவே பி.என்.ஆர். ஆகும். விமானப் பயணத்தில் இது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறியீடுகளைக் கொண்டது. 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சேபர் என்னும் கணினி முறை இதற்கு முன்னோடியாக அமைந்தது.

பதிவெண் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் பயணச்சீட்டுகள் தனித்தனியானவை. மின்பயணச்சீட்டு வழங்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு பயணிக்கும் 13 இலக்க எண் தனியே உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவின் குறியீடு 098. சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் இந்த எண்ணைத் தராமல் பதிவெண்ணையே சீட்டாகக் கொள்கின்றன. அங்கும் கட்டணமும் வரியும் ஆள்வாரியாகவே கணக்கிடப்படும். ஆகவே ஒருவர் விலகினால் மற்றவர்களின் சீட்டு தானாக ரத்தாவதில்லை.

ரயில் சீட்டிலிருந்து உள்ள வேறுபாடு

ரயிலில் 10 இலக்க பி.என்.ஆர். எண்ணில் பொதுவாக ஆறு பேர் வரை பயணம் செய்யலாம். இணையத்தில் எடுத்த சீட்டில் ஒருவர் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து ரத்து செய்துவிடலாம். உறுதியான சீட்டை, புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் உரிய முறையில் விண்ணப்பித்து, பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றவும் ரயில்வே அனுமதிக்கிறது.

விமானத்தில் பெயர் மாற்றம் பொதுவாக இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். தம்பியின் சீட்டில் அண்ணன் செல்ல முடியாது. எனவே விலகுபவரின் இடத்தில் வேறொருவர் செல்ல வேண்டுமெனில் பழைய சீட்டை ரத்து செய்து, அன்றைய விலையில் புதிய சீட்டு எடுக்க வேண்டும்.

பதிவெண்ணைப் பிரித்தல்

ஒருவர் விலகும்போது நிறுவனம் அவரைக் கூட்டுப் பதிவிலிருந்து பிரித்துப் புதிய பதிவெண்ணுக்கு மாற்றுகிறது. முகவர்கள் இதை 'ஸ்பிளிட்' என்பர். பிறகு அந்தப் புதிய எண் மட்டும் ரத்து செய்யப்படும். மற்றவர்கள் பழைய எண்ணிலேயே பயணம் தொடர்வர். பல நிறுவனங்களின் இணையதளத்தில் பயணியின் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே இது தானாக நடந்துவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் வாடிக்கையாளர் சேவை மையத்தையோ முகவரையோ அணுக வேண்டும்.

இணையத்தில் அனைவருக்கும் முன்கூட்டியே செக்-இன் செய்திருந்தால், விலகுபவரின் செக்-இன்னை முதலில் நீக்க வேண்டியிருக்கும். பிரித்த பிறகு மற்றவர்களின் இருக்கை, உணவு, கூடுதல் பெட்டி ஆகியவை மாறாமல் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

அவசரத்தில் முழுப் பதிவையும் ரத்து செய்துவிட்டு மூவருக்கு மீண்டும் பதிவு செய்வதே பெரிய இழப்புக்கு வழி வகுக்கிறது. ரத்துக் கட்டணம் ஆளுக்கு 3,500 ரூபாய் என்று கொண்டால், நால்வருக்கும் ரத்து செய்யும்போது 14,000 ரூபாய் போய்விடும். இதில் 10,500 ரூபாய் தேவையற்ற செலவு. புதிய சீட்டின் விலை உயர்ந்திருந்தால் அந்த வித்தியாசமும் சேரும்.

மற்றவர்களின் கட்டணம் மாறுமா?

சீட்டு வழங்கப்பட்ட பின் மற்றவர்களின் கட்டணம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலைப் பிரிவுகளாக விற்கப்படுகின்றன. மலிவுப் பிரிவில் இரண்டு இடமே மீதமிருக்க, நால்வருக்குச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்கும் அடுத்த பிரிவின் விலையே காட்டப்படும். பின்னர் ஒருவர் விலகினாலும் மற்ற மூவரும் மலிவுப் பிரிவுக்கு இறங்குவதில்லை.

பொதுவாக ஒரு சாதாரணப் பதிவில் ஒன்பது பேர் வரை சேரலாம். பத்துப் பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் அது குழுப் பதிவாகும். அதற்குத் தனி ஒப்பந்தம் உண்டு. சிலர் விலகி எண்ணிக்கை ஒப்பந்த அளவுக்குக் கீழே போனால் குழுக் கட்டணமே நீங்கக்கூடும். காசிக்குச் செல்லும் குழுவின் முகவர் முன்பணத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு பணம் திரும்பும்?

இந்தியாவில் இதற்கான விதிகளை சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் வகுக்கிறது. பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவது குறித்த அதன் விதிகள் 2016இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அத்திருத்தத்தின் முக்கிய அம்சங்கள்:

• ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையை மீறக் கூடாது.
• சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். 'பணம் திரும்பாது' என்று விற்கப்பட்ட சலுகைச் சீட்டுக்கும், பயணி வராமல் போன சீட்டுக்கும் இது பொருந்தும்.
• பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று நிறுவனம் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது.
• தொகையை அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம். நிறுவனம் அதைத் தானாகத் திணிக்கக் கூடாது.
• முகவர் வழியாக எடுத்த சீட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் சீட்டு 3,500 ரூபாய் என்றும், அதில் அடிப்படையும் எரிபொருளும் 2,600, வரியும் நிலையக் கட்டணமும் 900 என்றும் கொள்வோம். நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 3,500 என்று இருந்தாலும் 2,600 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. 900 ரூபாய் திரும்ப வேண்டும். முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ரத்து செய்யும் நாளில் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பணம் யாருக்கு?

திரும்பும் தொகை பொதுவாகப் பணம் செலுத்திய அட்டைக்கோ கணக்கிற்கோதான் செல்லும்; விலகியவருக்கு அல்ல. அம்பத்தூர் நிறுவனம் செலுத்தியிருந்தால் அது நிறுவனத்துக்கே போகும். நண்பர்கள் பங்கு போட்டுச் செலுத்தியிருந்தால், அட்டை வைத்திருந்தவருக்குப் போகும். பிடித்தம் போக மீதி யாருக்கு, இழப்பு யாருடையது என்பதில் விமான நிறுவனம் தலையிடுவதில்லை. பதிவு செய்யும்போதே இதைப் பேசி முடிவு செய்துகொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

கைக்குழந்தையும் சிறுவர்களும்

இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தை, பதிவில் உள்ள பெரியவர் ஒருவருடன் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தையே அனுமதி. தாயுடன் இணைக்கப்பட்ட குழந்தை இருக்க, தாய் விலகித் தந்தை செல்வதானால், ரத்து செய்வதற்கு முன் குழந்தையைத் தந்தையின் சீட்டுடன் இணைக்கும்படி கேட்க வேண்டும்.

பதிவிலிருந்த பெரியவர்கள் அனைவரும் விலகிச் சிறுவர் மட்டும் மிஞ்சினால், அவர் துணையின்றிச் செல்லும் சிறுவராகக் கருதப்படுவார். பொதுவாக ஐந்து வயதுக்குக் குறைந்தோரை நிறுவனங்கள் தனியே ஏற்பதில்லை. அதற்கு மேற்பட்ட சிறுவருக்கு முன்அனுமதியும் தனிக் கட்டணமும் தேவைப்படும்.

சொல்லாமல் வராமல் போனால்

ஒருவர் ரத்து செய்யாமல் விமான நிலையத்துக்கு வராமல் இருந்தாலும் மற்றவர்கள் செல்லலாம். ஆனால் வராதவரின் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் முழுமையாகப் போய்விடும். வரிப் பகுதியை அவர் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். போகவும் வரவும் ஒரே சீட்டாக எடுத்திருந்தால், முதல் பயணத்தைத் தவறவிட்டவரின் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். டெல்லியில் நேரில் சேர்ந்துகொண்டு குடும்பத்துடன் சென்னை திரும்பலாம் என்று எண்ணுபவர் இதை முன்பே நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். இணையவழி ரத்து, புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே மூடப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பணம் வராவிட்டால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அடுத்து, மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் பதியலாம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் உள்ளது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பதிவெண், பிரித்த பின் கிடைத்த புதிய எண், ரத்து செய்ததற்கான மின்னஞ்சல், கட்டணப் பிரிவுகள் காட்டும் ரசீது ஆகிய நான்கும் கையில் இருந்தால் புகார் வலுப்பெறும்.