‘நாங்கள் ரெண்டாவது இடம்தான்!’

1960-ம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு கார் விளம்பரம் வந்தது. பக்கத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கறுப்பு வெள்ளைப் படம். கீழே ஒரே சொல்: ‘லெமன்’. ஏமாற்றித் தலையில் கட்டிய ஓட்டை வண்டியை அமெரிக்கர்கள் அப்படித்தான் திட்டுவார்கள். காசு கொடுத்துப் பக்கத்தை வாங்கி, சொந்த வண்டியையே ஓட்டை என்று அச்சடிக்க யாருக்காவது மனசு வருமா?

விளக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. படத்தில் இருக்கும் கார் விற்பனைக்குப் போகவில்லை. டாஷ்போர்டில் சின்னச் சாமான் வைக்கும் பெட்டியில் இருக்கிற குரோம் பட்டையில் சின்னதாக ஒரு பழுது. உங்கள் கண்ணுக்குப் பட்டிருக்காது. குர்ட் குரோனர் என்ற பரிசோதகரின் கண்ணுக்குப் பட்டுவிட்டது. ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் நாள்தோறும் தயாராவது 3,000 கார்கள். அவற்றைச் சோதிப்பதற்கென்றே 3,389 பேர். கார்களைவிடப் பரிசோதகர்கள் அதிகம்! ‘ஓட்டை’ என்று படிக்க ஆரம்பித்தவர், ‘இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களா’ என்று முடிப்பார்.

செய்தவர்கள் நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்தார். 1959-ல் இந்த வேலை அவர்கள் கைக்கு வந்தபோது அது சுலபமான வேலை இல்லை. ஹிட்லர் ஆட்சியில் பிறந்த கார் அது. போர் முடிந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. விற்றுத் தர வேண்டியவர்களில் நிறுவனத்தின் மூளையான பில் பெர்ன்பாக்கும், வாசகம் எழுதிய ஜூலியன் கோனிக்கும் யூதர்கள். அமெரிக்கச் சாலைகளிலோ அப்போது கப்பல் மாதிரி நீண்ட கார்கள், பின்னால் மீன் துடுப்பு வைத்து மினுமினுத்துக்கொண்டிருந்தன. குண்டாக, குட்டையாக, எஞ்சினைப் பின்னால் சுமந்துகொண்டு வந்த இந்த வண்டியை அவற்றின் பக்கத்தில் எப்படி நிறுத்துவது?

நிறுத்தவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ‘சிறிதாக யோசியுங்கள்’ என்ற விளம்பரத்தில், பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் துளியூண்டு கார். வடிவமைத்தவர் ஹெல்முட் குரோன். கேலனுக்கு 32 மைல் ஓடும், எஞ்சின் ஆயில் கொஞ்சம் போதும், ஒரு செட் டயர் 40,000 மைல் தாங்கும் என்று கணக்கு வாசித்தது வாசகம். அழகி என்றோ, அந்தஸ்து என்றோ பேச்சே இல்லை. ‘அட்வர்டைசிங் ஏஜ்’ இதழ் 1999-ல் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த விளம்பர வரிசையைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் இதற்குத்தான்.

எனக்கும் இந்த விளம்பரங்கள் பிடிக்கும். ஆனால், இவை ஒப்புக்கொள்ளும் குறை எது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ‘பையனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தாங்க, ராப்பகலா வேலை வேலைன்னே கிடப்பான்’ என்று கல்யாணத் தரகர் சொல்வாரே, அந்த ரகம். சின்னக் கார் என்றால் பெட்ரோல் மிச்சம். குரோம் பட்டை கெட்டது என்றால் சோதனை கடுமை. நிஜமான குறை வேறு இடத்தில் இருக்கும். 2015-ல் இதே ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டதே! டீசல் கார்களில் ஒரு மென்பொருள். புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் அது வண்டியைச் சமர்த்தாக்கிவிடும். சாலைக்கு வந்தால் நச்சு வாயு அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். அதை எந்த விளம்பரமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தரகர் பாணியிலிருந்து கொஞ்சம் விலகியது ஏவிஸ். வாடகைக் கார் நிறுவனமான அது, 1962-ல் பெர்ன்பாக்கிடம் வந்தபோது பதின்மூன்று வருடங்களாக லாபத்தையே பார்க்காதது. முதலிடத்தில் ஹெர்ட்ஸ், எட்ட முடியாத உயரத்தில். எழுதிக் கொடுப்பதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது பெர்ன்பாக்கின் நிபந்தனை. ஏவிஸின் தலைவர் ராபர்ட் டவுன்சென்ட் சம்மதித்தார். பெர்ன்பாக் நிறுவனத்தின் பௌலா கிரீன் எழுதியதன் சாரம் இது: நாங்கள் ரெண்டாவது இடம்தான், அப்புறம் ஏன் எங்களிடம் வர வேண்டும்? நாங்கள் கூடுதலாக மெனக்கெடுகிறோம். எங்கள் கவுன்டரில் கூட்டமும் குறைவு.

தெருவுக்குத் தெரு ‘நம்பர் ஒன்’ பலகை பார்த்துப் பழகிய நமக்கு இது இன்றைக்கும் புதுசாகத்தான் தெரியும். ஒரே வருடத்தில் ஏவிஸ் நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது, இதே வரிசையில் பின்னால் வந்த ஒன்று. ஏவிஸுக்கு விளம்பரம் எழுதுபவர், தான் எடுத்த வாடகைக் காரின் சாம்பல் கிண்ணத்தில் சிகரெட் துண்டுகளைப் பார்த்துவிட்டார். அதையே எழுதினார்: விளம்பரம் எழுதுவது என் பிழைப்பு, அதற்காகக் கூலிக்குப் பொய் சொல்பவன் இல்லை, நான் எழுதியபடி நடந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள், இதை நீங்கள் வெளியிடவே மாட்டீர்கள். ஏவிஸ் வெளியிட்டது. இது விளம்பரம் மட்டும் இல்லை. கார் கழுவுபவர் முதல் கவுன்டரில் இருப்பவர் வரை, சொந்த ஊழியர்களுக்குப் போட்ட சுற்றறிக்கையும்தான்.

நாலு வருடம் பொறுத்துப் பார்த்த ஹெர்ட்ஸ், 1966-ல் கார்ல் ஆலியின் விளம்பர நிறுவனத்தை வைத்துத் திருப்பிக் கொடுத்தது. ‘ஹெர்ட்ஸ்தான் முதலிடம் என்று பல வருடங்களாக ஏவிஸ் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று இப்போது நாங்கள் சொல்கிறோம்.’ எதிராளியின் செலவிலேயே பெயர் வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

கனடாவின் பக்லீஸ் இருமல் மருந்து 1980-களில் இன்னும் நேரடியாகப் போனது: ‘வாயில் வைக்க முடியாது. ஆனால் கேட்கும்.’ கற்பூரம், மென்தால், பைன் எண்ணெய் எல்லாம் சேர்ந்த மருந்து அது. கண்டுபிடித்தவரின் மகன் ஃபிராங்க் பக்லியே விளம்பரத்தில் தோன்றி, அதன் கொடுமையான ருசியைப் பற்றிப் பேசினார். கசந்தால்தான் மருந்து என்று நம்புகிற வீடுகளில் இது எடுபடாமல் போகுமா?

ஆடை நிறுவனமான படகோனியா விஷயத்தில்தான் எனக்குக் குழப்பம். 2011 நவம்பர் 25, அமெரிக்கா முழுக்கக் கடைகளில் தள்ளுமுள்ளு நடக்கிற பிளாக் ஃப்ரைடே. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு முழுப் பக்கம், தன் ஜாக்கெட் படத்தைப் போட்டு ‘இதை வாங்காதீர்கள்’ என்றது படகோனியா. இதைத் தயாரிக்க 135 லிட்டர் தண்ணீர் செலவு, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு ஜாக்கெட்டின் எடையைப் போல் 24 மடங்கு என்று கணக்கும் கொடுத்தது. குரோம் பட்டை மாதிரி இல்லை, நிஜமான குறை. ஆனாலும் அடுத்த வருடம் விற்பனை ஏறத்தான் செய்தது. நிறுவனர் இவான் ஷுனார்ட் 2022-ல் கம்பெனியின் உரிமையையே அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழல் அமைப்புக்கும் எழுதிவைத்தவர் என்பதால், வெறும் தந்திரம் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

சப்பைக்கட்டே இல்லாத ஒப்புதல் என்றால் 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் வந்ததைச் சொல்லலாம். கோழி விநியோகத்தைப் புதிய நிறுவனத்திடம் மாற்றிக் கொடுத்த கேஎஃப்சி, கோழி இல்லாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. செய்தித்தாளில் முழுப்பக்கச் சிவப்பு. நடுவில் காலி டப்பா. அதில் கம்பெனியின் மூன்றெழுத்து இடம் மாறி, ஆங்கிலத்தில் எரிச்சலில் வாயிலிருந்து வரும் கெட்ட வார்த்தையாகத் தெரிந்தது. கீழே மன்னிப்பு: கோழிக் கடையில் கோழி இல்லை, நன்றாகவா இருக்கிறது? மதர் லண்டன் விளம்பர நிறுவனத்தின் இந்த வேலையில் குறையைத் திருப்பிப் போட்டுப் பெருமையாக்கும் வித்தை இல்லை. ஒளித்துவைக்க வழியும் இருக்கவில்லை. ‘கேஎஃப்சி பிரச்னைக்காக எங்களைக் கூப்பிடாதீர்கள், இது போலீஸ் விவகாரம் இல்லை’ என்று லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் காவல் துறையே அதற்குள் ட்விட்டரில் கேட்டுக்கொண்டிருந்தது.